காற்றைக் குறைத்தபோது

நான்காவது முறை மிதித்தபோது வண்டி முன்னே போகவில்லை. கீழே போனது.

பின் இருக்கையில் அவன் மனைவி தன் அம்மாவின் மடியில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். காலையில் பிடித்த இளைப்பு. இன்ஹேலர் மதியமே காலி.

மழையில் பெரிய சாலையின் குறுக்கே மரம் விழுந்திருந்தது. ஆம்புலன்ஸ் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். மண் பாதையில் போனால் மரத்தைத் தாண்டி மறுபடி தார்ச்சாலையில் ஏறிவிடலாம். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிக்கு என்ன பயம் என்று அவன்தான் கிளம்பினான்.

மீண்டும் மிதித்தான். ஒரு பக்கச் சக்கரங்கள் வெறி பிடித்துச் சுழன்று கண்ணாடிவரை சேற்றை வாரியடித்தன. மறுபக்கம் அசையவே இல்லை.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே மாப்பிள்ளை, உங்களுக்கு யாரும் எடுக்கலையா?” என்றார் மாமியார்.

சுருக்கென்றது. காலை எடுத்தான்.

பாடம் எடுப்பதுதான் அவன் வேலை. இந்த வண்டியை வாங்குகிறவர்களுக்கு ஷோரூமின் பின்னாலிருக்கும் திடலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பான். வாராவாரம் அதே பேச்சு. எஞ்சின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகும்தான். ஆனால் எது வழுக்குகிறதோ அதன் பக்கமே ஓடிவிடும். பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். டயரின் வெட்டுகளில் சேறு அப்பிவிட்டால் புது டயரும் மொட்டை டயர்தான். மிதிக்க மிதிக்கக் குழிதான் பறிப்பீர்கள். பதறாதீர்கள் சார்.

சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அவனும்.

இறங்கினான். முழங்கால்வரை சேறு. காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகப் படியும், பிடி கிடைக்கும். முதல் டயரின் மூடியைத் திருகி, சாவி முனையால் வால்வை அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. அவளுக்கு ஒரு வாய் கிடைக்காத காற்று.

“அத்தை, மூச்சு இருக்கா?”

“இருக்கு. நீங்க வேலையைப் பாருங்க.”

இரண்டாவது டயர். கேட்டான். “இருக்கு, இருக்கு.”

மூன்றாவது பாதிக்கு மேல் புதைந்திருந்தது. வெறுங்கையால் தோண்டி வால்வைத் தேடினான். ஒரு நகம் பெயர்ந்தது. கேட்டான். பதில் வரச் சற்று நேரமானது. “இருக்கு.”

நான்காவதிலும் கேட்டான்.

“இருக்குப்பா.” மாமியார் அவ்வளவு மென்மையாகப் பேசி அவன் கேட்டதில்லை.

ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கை நேராக்கி, இரண்டாம் கியரில், பெடலைத் தொட்டும் தொடாமலும் விட்டான். வண்டி முனகியது. ஓர் அடி நகர்ந்தது. வழுக்கியது. இன்னும் ஓர் அடி. பிறகு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு மேட்டில் ஏறியது.

தார்ச்சாலை. இங்கிருந்து ஆஸ்பத்திரி நேர்வழி. அடிவரை மிதித்தான். காற்றில்லாத டயர்கள் சாலையில் தொம்தொம்மென்று அடித்தன.

“மெதுவாப் போங்க மாப்பிள்ளை.”

“டயர் கிழிஞ்சா கிழியட்டும் அத்தை!”

“டயருக்காகச் சொல்லலப்பா,” என்றார். “நீங்க மூணாவது டயர்கிட்ட இருந்தப்பவே...”