எனாமல் பூசிய பானை

தண்ணீர்ப் பந்தல் ஒன்றைத் திறந்து வைக்கத் தலைவர் வருகிறார் என்று, அங்கிருந்த மண்பானைக்குக் கட்சிக் கொடியின் நிறத்தில் எனாமல் பெயின்ட் அடித்துவிட்டார்கள்.

"இப்பத்தான் லட்சணமா இருக்கே. நேத்து வரைக்கும் உடம்பெல்லாம் வேர்த்து ஒழுகிட்டு, சே!" என்றது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் டிரம்.

பானைக்குப் பெருமை தாங்கவில்லை. அதுவும் மதியம் வரைக்கும்தான். மூட்டை இறக்கிவிட்டு வந்த தோழர் ஒருவர் ஒரு வாய் குடித்து, "வெந்நீரா வச்சிருக்கானுங்க!" என்று துப்பிவிட்டுப் போனார். இனி தாகத்துக்கு யார் தன்னிடம் வருவார்கள் என்று பானை கலங்கிப்போனது.

"உள்ளே என்னப்பா செய்றீங்க?" என்று தண்ணீரை அதட்டியது.

"வழியை அடைச்சுட்டு எங்களையா கேக்குறே? எங்கள்ல துடிப்பானவங்க தினமும் உன் உடம்புல இருக்கிற பொடிப்பொடித் துளை வழியா வெளியேறி, ஆவியாகி, சூட்டையும் எடுத்துட்டுப் போவாங்க. அதனாலதான் மிச்சப் பேர் குளிர்ந்து கிடந்தோம்," என்றது தண்ணீர்.

அத்தனை நாளும் அதைத் தன் குளிர்ச்சி என்றல்லவா பானை நினைத்திருந்தது!

அப்போது போஸ்டர் தின்ன ஓர் ஆடு வந்தது.

"ஆட்டக்கா, உன் கொம்பால என்னைச் சுரண்டிவிடேன்."

"உடைஞ்சு போயிருவியேடா!"

"உடைஞ்சா உடையட்டும்."

ஆடு சுரண்டச் சுரண்ட, பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. சற்று நேரத்தில் முதல் துளி வெளியே வந்து பானையின் தோளில் நின்றது.

"உங்க பேரு என்னங்க?" என்று பானை பணிவாகக் கேட்டது.

"பேரா? வெயில் ஏறுது, வேலை கிடக்கு," என்றபடி துளி காற்றோடு போயிற்று.

அது நின்ற இடம் சில்லென்றிருந்தது.