மாமா கொண்டுவந்த மூட்டை

"நாலு நாளாத் தேடியாச்சு. கஜானாப் பெட்டியில நாப்பது பவுன் குறையுது, எபோ."

"பெட்டிக்கு ரெண்டு சாவி, துரை. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு உங்ககிட்ட. நான் எடுக்கலை. விசாரணை வந்தா ரெண்டு பேரையும்தான் கேப்பாங்க."

ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் எந்தக் குமாஸ்தாவும் வெள்ளைக்காரரிடம் இப்படிப் பேசியதில்லை. துரை கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, வீட்டுக்குப் போ. கணக்குத் தப்புன்னு எழுதிடறேன்."

எபோ கதவை எட்டுவதற்குள் அவனுடைய தாய்மாமன் குவாமினா உள்ளே வந்தார். அவர்களுடைய ஃபான்டி இனத்தில், குலத்தில் ஒருவன் பட்ட கடன் அத்தனை பேருக்கும் கடன். கஜானாப் பணத்தை எபோ எடுத்துவிட்டான் என்ற ஊர்ப்பேச்சு காதில் விழுந்ததுமே கோகோவை விற்று, சின்னம்மாக்களின் கழுத்தில் கிடந்ததையும் விற்று, ஒரு மூட்டையோடு வந்திருந்தார்.

"நாப்பது பவுனும் இருக்கு. உன்னை விட்டுடச் சொல்லு."

"ஐயோ மாமா, நான் எடுக்கவே இல்லை. தூக்கிட்டுப் போங்க."

"எடுத்தியான்னு நான் கேட்டேனா? குடும்ப மானம்டா."

துரைக்கு அவர்கள் பேசிய ஃபான்டி மொழி புரியாது. மூட்டை புரிந்தது. அவிழ்த்து நிதானமாக எண்ணினார். போன உயிர் முகத்துக்குத் திரும்பியது.

"எடுக்காதவனுக்காக யாராவது பணம் கட்டுவாங்களா, எபோ?" என்றபடி காவலரைக் கூப்பிட்டார்.

எபோவின் கையில் விலங்கு விழுந்தது. மாமா பதறிப்போய் மடியைத் தடவினார்.

"பத்தலையாமா? இன்னும் எவ்வளவு வேணும்னு கேளுடா."