நான்கு பெண்கள் முன்னிலையில்

தாள் பதிவேட்டுக்கு அடியில் போனதை அவள் பார்த்தாள்.

கிளார்க் அவசரப்படவில்லை. உறையைப் பிரித்தார். உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளை மட்டும் இடது கையால் நகர்த்தி, அதன் மேல் பதிவேட்டை இழுத்து வைத்தார். பிறகு நிமிர்ந்து எதிரே உட்கார்ந்திருந்த நான்கு பெண்களையும் பார்த்தார்.

அவளைப் பார்த்தபோது லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

நம்ம ஆளுதானே என்கிற சிரிப்பு.

"பவுனுத்தாய் கன்ஸ்ட்ரக்‌ஷன். அனுபவச் சான்று இல்லை," என்று சத்தமாகப் படித்தார்.

பக்கத்தில் இருந்த நகராட்சிப் பொறியாளர் தலையசைத்தார். சான்று இல்லாவிட்டால் டெண்டர் தள்ளுபடி. விலை எழுதிய உறையைத் திறக்கவே மாட்டார்கள்.

பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறை கட்டும் வேலை அது. பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கு மட்டும் என்று நகராட்சி ஒதுக்கியிருந்தது. அதனால் அறைக்குள் பெண்கள். ஆண்கள் வெளியே, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

நான்கு பேரில் இரண்டு பேர் ஒப்புக்கு வந்தவர்கள். அவர்களுடைய உறையில் வேண்டுமென்றே கூடுதல் தொகை. வேலை பால்பாண்டிக்கு என்று போன வாரமே ஒரு லாட்ஜில் பேசி முடித்தாயிற்று.

பால்பாண்டி அவள் கணவன். நிறுவனம் அவள் பெயரில், ஐந்து வருடமாக. ஒரு மூட்டை சிமெண்டுக்கு எத்தனை சட்டி மணல் என்று கேட்டால் அவள் முழிப்பாள்.

ஆனால் அவள் உறையில் அனுபவச் சான்று இருந்தது. எட்டு வேலை முடித்ததாக.

பவுனுத்தாய் மட்டும்தான் சித்தாளாகக் கல் சுமந்து, பிறகு கொத்தனார்களை வைத்து வேலை வாங்கி, தன் பாட்டுக்கு மேலே வந்தவள். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட் அரித்த தழும்பு. யாருடனும் பேசிவைக்காமல் நேராக டெண்டர் போட்டிருந்தாள்.

அவளுக்குப் பவுனுத்தாயின் மேல் இரக்கம் எதுவும் இல்லை.

காலையில் வராந்தாவில் பவுனுத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு சம்சாரம்?" என்று கேட்டிருந்தாள். கம்பெனி பேரைக் கேட்கவில்லை. அது இன்னும் உள்ளே எரிந்தது. தோற்கட்டும், திமிர் அடங்கட்டும் என்றுதான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பவுனுத்தாய் எழுந்தாள்.

"நான் வச்சேன் சார். என் கையால வச்சு ஒட்டுனேன்."

"வச்சிருந்தா இருக்கும்ல," என்றார் கிளார்க்.

"சாந்துச் சட்டி தூக்குறவளுக்கு எதுக்கு இந்த வேல," என்றது சன்னலிலிருந்து ஒரு குரல். கூடவே நாலைந்து பேரின் சிரிப்பு.

பால்பாண்டியின் குரல் அது. குழம்பில் உப்பு கூடினாலும் இதே குரல்தான்.

பவுனுத்தாய் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்ல ஆளில்லை.

கிளார்க் பதிவேட்டில் எழுதினார். கீழ்க்கண்டவர்கள் முன்னிலையில் உறை பிரிக்கப்பட்டது, அனுபவச் சான்று இணைக்கப்படவில்லை. கையெழுத்துக்குப் பதிவேட்டை நகர்த்திக் கொடுக்கவில்லை. மேசைக்கு வந்து போடச் சொன்னார்.

ஒப்புக்கு வந்த இரண்டு பேரும் போட்டார்கள்.

அவள் முறை.

"இங்க போடுங்கம்மா." விரலால் இடத்தைக் காட்டினார்.

ஐந்து வருடமாக இப்படித்தான். யாராவது விரல் காட்டுவார்கள், அவள் போடுவாள். பேங்கில், ஆபீசில், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது சமையல் மேடையில். என்னவென்று பால்பாண்டியிடம் கேட்டால், "படிச்சுப் பாத்து கலெக்டராகப் போறியா?" என்பான். எதற்கெல்லாம் போட்டாள் என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது.

இது தெரியும். இதைக் கண்ணால் பார்த்திருந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சாட்சிக்கு அவளையே கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் கண் இருக்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆத்திரம் வந்தது. பவுனுத்தாய்க்காக அல்ல. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் அவள் சூடம் அணைத்துச் சொல்வாள்.

பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

"சார், அந்த நோட்டக் கொஞ்சம் தூக்குங்க."

பொறியாளர் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் சன்னலைப் பார்த்தார்.

யாரும் தூக்கவில்லை.

அவளே தூக்கினாள்.

அதன் பிறகு எல்லாம் சீக்கிரம் முடிந்தது. விலை உறைகளைத் திறந்தார்கள். குறைந்த விலை பவுனுத்தாயுடையது. பொறியாளர் அதை வேண்டாவெறுப்பாக எழுதினார்.

பவுனுத்தாய் நன்றி சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மற்ற இரண்டு பேரும் முந்தானைகூட அவள் மேல் படாதபடி சுற்றிக்கொண்டு போனார்கள்.

சன்னலில் இப்போது யாரும் இல்லை.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

பியூன் வந்து ஃபேனை அணைத்தார்.

"கெளம்பலையாம்மா? ஒங்க வீட்டு சாரு வாசல்ல கார ஸ்டார்ட் பண்ணி வச்சுக்கிட்டு நிக்கிறாரு. மூணு தடவ கேட்டுட்டாரு."

"ஆபீச எத்தன மணிக்குப் பூட்டுவீங்க?"

"அஞ்சே முக்கா ஆகும்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்றரை.

"ஃபேனப் போட்டு விட்டுட்டுப் போங்க," என்றாள்.