வெறும் வயிறு

அவள் விரலை நீட்டினாள்.

நர்ஸ் பெண் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியால் குத்தினாள். ரத்தம் வரவில்லை. நாலு வீட்டுப் பாத்திரம் தேய்த்துத் தோல் தடித்துப்போன விரல். அடியிலிருந்து நுனிக்குப் பிதுக்கியதும் ஒரு சொட்டு மனமில்லாமல் எட்டிப் பார்த்தது.

மாநகராட்சிப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் சர்க்கரை முகாம். முப்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். ராத்திரி சாப்பிட்டதுதான். விடிந்ததிலிருந்து தண்ணீர் மட்டும். அவள் முறை வருவதற்குள் வெயில் படியேறிவிட்டது.

மேசைமேல் மெஷின் நர்ஸைப் பார்த்து இருந்தது.

அவளுக்கு அதைத் தலைகீழாகவும் படிக்கத் தெரியும். வீட்டில் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் புருஷனுக்குப் பார்ப்பவள் அவள்தான். இன்சுலின் போடுபவளும் அவள்தான். இரண்டு விரலை எடுத்துவிட்ட அவன் காலுக்குக் கட்டு மாற்றுபவளும்.

நூற்று எழுபத்தெட்டு.

நர்ஸ் பெண் நிமிர்ந்தாள். காலையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டுக் குரல் கம்மியிருந்தது.

"அக்கா, டீ கீ எதனா குடிச்சிட்டு வந்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அவள் வீட்டில் நோயென்று ஒருவர் படுக்கத்தான் இடம் இருந்தது.

"குடிச்சேன் சிஸ்டர். சக்கர போட்டு."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

கோபம்கூட இல்லை. நர்ஸ் பெண் பேனாவை மூடி வைத்தாள்.

"அடுத்த புதன்கிழமை வாங்க. ஒண்ணும் சாப்பிடாம."

"அதுக்கு அடுத்த வாரம் வரட்டா?"

நர்ஸ் பெண் வெள்ளையாகக் காய்ந்து கிடந்த அவள் உதட்டையே பார்த்தாள். பின்னால் வரிசை முனகியது.

"வாங்க. ஆனா வந்துடணும்க்கா."

வீட்டுக்கு நாலு தெரு நடக்க வேண்டும்.

பசியில் காது அடைத்தது. முதல் தெருவில் எதையும் யோசிக்கவில்லை. இரண்டாவது தெருவில், இரண்டு வாரம் கழித்துச் சொன்னாலும் அதே வியாதிதானே என்று தோன்றியது. குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

புருஷனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். முகாமில் சொன்ன பொய் அங்கேயே இருக்கட்டும்.

ஏகாம்பரம் வாசலில் நின்றிருந்தான்.

கட்டிலை விட்டு இறங்காதவன். நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். காலில் கட்டு நனைந்திருந்தது.

"இன்னா சொன்னாங்க, சுந்தரி?"

கண் சிவந்திருந்தது. ராத்திரி முழுக்க அவன் புரண்டது கால் வலியால் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"உனக்கும் வந்துட்டா…"



அவள் செருப்பைக் கழற்றினாள். அவன் கையைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். இடுப்பைச் சுற்றிப் பிடித்து உள்ளே திருப்பினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லயாம்யா. மெதுவா வா."

அவனிடமிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கியது.

அதுவரை நிலைப்படியில் பாதி தாங்கியிருந்த பாரத்தையும் எடுத்து, முழுசாக அவள்மேல் சாய்ந்துகொண்டான்.