எட்டுப் பொட்டலம்

நாலாவது பிணத்தையும் மருது செய்தித்தாள் துண்டில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வாசல் கூட்ட வரும் வேலைக்கார அம்மா பார்த்துவிட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

மாடியில் மனைவி பாண்டிமீனா காத்திருந்தாள். பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள். விரல்நகம் அளவுக்கு ஓர் இறால். சிவப்பெல்லாம் போய் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது.

"ஏங்க, எறா செத்தா நாறும். இதுல கவிச்சியே இல்லையே?"

"சார் வச்சிருக்கிறது அம்புட்டும் நல்ல தண்ணி. எப்படி நாறும்?"

"நல்ல தண்ணின்னா எதுக்குச் சாகுது?"

அவன் பொட்டலத்தைப் பிடுங்கி, கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் மற்ற மூன்றோடு வைத்தான்.

கீழ்வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரர் ஹாலாஸ்யம், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போயிருக்கிறார். கிளம்பும்போது கண்ணாடித் தொட்டியைக் காட்டிச் சொன்னார்:

"பன்னெண்டு இறால் இருக்கு. வாரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணி எடுத்துட்டு ஒரு சொம்பு ஊத்தணும், அதுக்கு மேல வேண்டாம். செம்புப் பாத்திரம் கிட்டயே வரப்படாது, எவர்சில்வர்தான். குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். வாளியில பிடிச்சு இந்த மருந்து மூணு சொட்டு விட்டு, மறுநாள் எடுத்துக்கோ."

பிறகு வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

அந்தச் சாவிதான் மருதுவைத் தின்றது. இந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் பதினோரு வீடு ஏறி இறங்கியிருந்தான். எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு, சொந்தக்காரர் ஒருவர் வருகிறார் என்பார்கள். ஹாலாஸ்யம் எதையும் கேட்கவில்லை. குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

அவர் நம்பி விட்டுப் போனது பன்னிரண்டு உயிர். அதில் நாலு போய்விட்டது.

தண்ணீர்தான் காரணம் என்று மருது முடிவு செய்தான். தண்ணீரைச் சோதிக்கச் சார் வைத்திருந்த மீட்டரை முக்கிப் பார்த்தால் முதல் நாள் காட்டிய அதே எண்தான் வந்தது. மீட்டரும் கெட்டுவிட்டது என்று நினைத்தான். ஒரு சொம்பு மாற்றியவன் ஒரு வாளி மாற்றினான். பிறகு தினமும் பாதித் தொட்டி. மாடிப்படியில் நாலு வாளி மருந்துத் தண்ணீர் நின்றது. மாற்ற மாற்றச் சாவு கூடியது. ஒரு நாள் காலையில் இரண்டு.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் அவனுக்குப் பார்சல் புக்கிங் வேலை. மதியம் சாப்பிடாமல் பைக்கில் ஓடிவந்து தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பான். உயிரோடு இருப்பவற்றை எண்ணிப் பார்ப்பான். ஒருதரம் ஐந்து, ஒருதரம் எட்டு. மிச்சம் பாசிக்குள் எங்கே கிடக்கிறதோ தெரியாது.

"போன் போட்டுச் சொல்லிருங்க" என்றாள் பாண்டிமீனா.

"சொல்லிட்டு? பன்னெண்டு எறாவைப் பாத்துக்கத் தெரியாத பயலான்னு கேப்பாரு. மறுபடியும் வீடு தேடி அலையவா?"

கீழவாசலில் ஒரு மீன் கடையில் அதே சிவப்பு இறால் இருந்தது. கடைக்காரர் ஹாலாஸ்யத்துக்குப் பழக்கம். அதனால் செத்ததைக் காட்டாமல், எதற்கு என்றும் சொல்லாமல், ஒவ்வொன்றுக்கும் ஒன்று வாங்கிவந்து தொட்டியில் விட்டான். பொய் சொல்ல முடிவெடுத்தவன் சாட்சியை வைத்திருக்கக் கூடாது. மருது வைத்திருந்தான். பத்தாவது நாள் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் எட்டுப் பொட்டலம்.

அன்று மதியம் ஹாலாஸ்யம் வந்தார். பையைக் கீழே போட்ட கையோடு ஒரு கீரை இலையை வெந்நீரில் முக்கித் தொட்டியில் போட்டார்.

"இலை போட்டா ஒண்ணு விடாம வெளியில வந்துடும். சாப்பிடறப்பதான் எண்ண முடியும்."

பாசிக்குள்ளிருந்து சிவப்பு சிவப்பாக வந்தன. அவர் விரலை நீட்டி எண்ணினார். மருது கதவோரம் ஒட்டி நின்றான்.

"பத்து, பதினொண்ணு, பன்னெண்டு."

மருது மூச்சு விட்டான்.

"பதிமூணு" என்றார் ஹாலாஸ்யம்.

விரல் நிற்கவில்லை. இருபதில்தான் நின்றது.

அவர் திரும்பினார். "குட்டின்னா கடுகளவுதான் இருக்கும். இதெல்லாம் வளர்ந்தது. எங்கேர்ந்து வந்தது மருது?"

அவனுக்கு அந்தக் கணக்கு ஏறவில்லை. மாட்டிக்கொண்டோம் என்பது மட்டும் ஏறியது. மாடிக்கு ஓடினான். எட்டுப் பொட்டலத்தையும் கொண்டுவந்து மேசையில் கொட்டினான்.

"எட்டு செத்துப் போச்சு சார். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வாங்கி விட்டேன். தண்ணியெல்லாம் தினமும் பாதி மாத்தினேன், அப்பவும் நிக்கல. வீட்டை மட்டும் காலி பண்ணச் சொல்லிராதீங்க."

ஹாலாஸ்யம் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசாக ஊதினார். அது பறந்து தரையில் விழுந்தது.

"ஒண்ணும் சாகலை மருது, இதெல்லாம் நீ தண்ணி மாத்த மாத்த அதுங்க உரிச்சுப் போட்ட சட்டை."