எரியாத பிளேடு

“எரிஞ்சுதா?” என்று கேட்டார் நூர்முகமது.

“எரியல பாய்” என்றான் தனகோடி.

“அப்போ அதையே வெச்சுக்கோயேன். இன்னாத்துக்கு வேற பிளேடு?”

“நாளைக்கு ஊருக்குப் போவணும் பாய்” என்றான் தனகோடி. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த வருஷம் அது. செங்கல்பட்டு கடைத்தெருவில் நூர்முகமது சோப்பு, சீப்பு, கண்ணாடி எல்லாம் விற்கும் ஷாப்புக் கடை வைத்திருந்தார். போன வாரம்தான் தனகோடி அவரிடம் ஒரு சேஃப்டி ரேசர் வாங்கினான். அதற்கு முன் அப்படி ஒன்றை அவன் கையில் பிடித்ததே இல்லை. பிடியைத் திருகுவது, பிளேடை நடுவில் வைத்து மூடுவது எல்லாம் நூர்முகமதுதான் காட்டிக்கொடுத்தார்.

முதலில் பச்சை உறை போட்ட நாட்டு பிளேடு கொடுத்தார். புதிதாகப் பழகுகிறவனுக்கு அதுதான் நல்லது, கூர் அவ்வளவு இருக்காது என்றார்.

மறுநாள் காலை சவரம் செய்துகொண்டு தனகோடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனான். நின்றிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு பெண் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். எதற்கென்று புரியாமல் குனிந்து பார்த்தான். சட்டை மார்பில் ரத்தம் சொட்டியிருந்தது.

அடுத்து நீல உறை போட்ட சீமை பிளேடு. “மூஞ்சில வெச்சதே தெரியாது நைனா” என்று சொல்லித்தான் கொடுத்தார். அதுவும் வெட்டியது. சோப்பு நுரை சிவந்த பிறகே தெரிந்தது.

ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு விறகுத் தொட்டியில் அவனுக்குக் காவல் வேலை. அடுக்கிய சவுக்குக் கட்டைகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. சில நாள் தன் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கவே இருமிப் பார்ப்பான்.

நாளைக் காலை செய்யூர் பஸ் ஏறுவதாக இருந்தான். அவன் மனைவி கன்னியம்மா அங்கே அப்பா வீட்டில் இருக்கிறாள். பார்த்து வருஷக்கணக்காகிறது. வரலாம் என்று இப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இருந்தாலும் மாமனார் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

“நல்லது கெட்டதுக்குப் போறதுன்னா சலூன்ல போய் உக்காரேன்” என்றார் நூர்முகமது. “புது மாப்பிள்ள கணக்கா பண்ணி அனுப்புவான்.”

“அங்க உக்கார வேணாம்னுட்டாங்க பாய்.”

நூர்முகமது ஒரு கணம் அவனைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இன்னும் சில பாக்கெட்டுகளை எடுத்துப் பரப்பினார்.

“இது கொஞ்சம் இழுக்கும். இது எரியும். எது சரின்னு உன் மூஞ்சிதான் சொல்லணும் நைனா, கடைக்காரன் இன்னா சொல்றது? கன்னத்தத் தடவிப் பாரு, தெரிஞ்சுட்டுப் போவுது.”

தனகோடி இரண்டு மூன்று பாக்கெட்டுகளை எடுத்துப் பார்த்து வைத்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடலாம். வாயைத் திறந்தால் இந்தக் கடைக்கும் வர முடியாமல் போகலாம்.

“எனக்குத் தெரியாது பாய்” என்றான். “வெட்னாலும் தெரியாது, தடவுனாலும் தெரியாது. நான் திருமணி ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தவன்.”

திருமணி என்றால் செங்கல்பட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குஷ்டரோகிகளுக்கான ஆஸ்பத்திரி.

புருவம் வரை இறக்கிக் கட்டியிருந்த தலைத்துண்டைத் தனகோடி அவிழ்த்தான். புருவம் இருக்க வேண்டிய இடம் வழித்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது.

“சொஸ்தமாயிட்டுதுன்னு டாக்டரே சொல்லித்தான் அனுப்பிச்சாரு. யாருக்கும் ஒட்டாது. ஆனா மரத்துப்போன எடம் மரத்ததுதான். மூஞ்சி, வெரலு ரெண்டுலயும் ஒண்ணும் தெரியல. கொட்டகை இருட்டுல கண்ணாடியும் ஒண்ணும் காட்டாது. தாடி போச்சா இல்லியான்னு யாரையாச்சும்தான் கேக்கணும். கேக்க எனக்கு ஆளில்ல.”

நூர்முகமதுவின் பார்வை அந்தப் புருவத்திலிருந்து பாக்கெட்டுகளுக்கு இறங்கியது.

தான் தொட்ட பாக்கெட்டுகளை அவர் என்ன செய்யப்போகிறார் என்று தனகோடி காத்திருந்தான். சிலர் ஒரு குச்சியால் தள்ளுவார்கள். சிலர் நீயே எடுத்துக்கொண்டு போ என்பார்கள். எதுவானாலும் கோபப்படக் கூடாது என்று நினைத்துக்கொண்டான்.

நூர்முகமது கல்லாவை ஒட்டிய வழிப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். அவன் எதிரில் நின்றார். கையை நீட்டினார். கை பாதி வழியில் நின்றது. அவருக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிறகு கை மேலே வந்தது.

“இந்தக் கன்னம் நல்லா கீது” என்றார். “திரும்பு. மோவாய்க்கு அடில சொரசொரன்னு கீது. நீ அழுத்திகினு இழுக்கிற, அதான் வெட்டுது. பிளேடு மேல தப்பில்ல. அந்த சீமை பிளேடே போதும். கைய லேசா வுடு.”

பக்கத்தில் விற்பனைக்குத் தொங்கிக்கொண்டிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றில் தனகோடிக்கு அது தெரிந்தது. தன் கன்னத்தின் மேல் இன்னொருவர் கை. வயதான, நரம்பு புடைத்த கை.

அது சூடாக இருந்ததா, ஜில்லென்று இருந்ததா, அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணை எடுத்தால் கை அங்கே இருப்பதே தெரியாமல் போய்விடும். அதனால் இமைக்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.