பாலத்துக்குப் பச்சைப் பெயிண்டு

"நல்லா அழுத்தி அடிங்க மச்சான்! நாளைக்கு ஆபீசரு வந்து, இது பாலமா கல்யாண மண்டபமான்னு கேக்கணும்!"

தங்கராஜு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தம் போட்டான். அவனுடைய அக்கா புருஷன் சன்னாசி, பாலத்தின் கைப்பிடிக் கட்டைக்குப் பச்சைப் பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தார். விடியலிலிருந்து ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த அலுப்பு தோளைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. இன்றைக்கு நிற்காது.

செனாவாங் பேக்டரியில் அவர் மகள் நீலாவதிக்கு வேலை கிடைத்திருக்கிறது. பேக்டரி பஸ் தார்ச்சாலையோடு நின்றுவிடும். ஓட்டை விழுந்த இந்தப் பலகைப் பாலத்தில் ஏறாது. ஷிப்டு முடிந்து வருகிற பெண்பிள்ளை ரப்பர் காட்டுக்குள் இருட்டில் லயத்து வீடு வரைக்கும் நடந்து வர முடியுமா?

"பஸ்ஸு லயத்து வாசலுக்கு வந்தா நீ பேக்டரிக்குப் போ. இல்லன்னா வாளியைத் தூக்கிக்கிட்டு என்கூட மரம் வெட்ட வா" என்று சொல்லிவிட்டார் சன்னாசி.

அந்த நேரம் பார்த்துத்தான் சேதி வந்தது. மாநில அரசாங்கம் எல்லாப் பாலங்களையும் ஆள் அனுப்பிப் பார்க்கப் போகிறது. பார்த்து மார்க் போட்டு, அந்த மார்க்கை வைத்தே இந்த வட்டாரத்தில் இந்த வருஷம் ஒரே ஒரு பாலத்தைக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டித் தருமாம். லயமே குதித்தது. கோயில் மணியைக்கூட யாரோ அடித்துவிட்டார்கள்.

மறுநாளே லிங்கியிலிருந்து தங்கராஜு வந்து இறங்கினான். வழியில் லுக்குட்டில் நிறுத்தி, மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பெயிண்டு டின்களைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"மாமா, ஓட்டையை அப்படியே விட்டாத்தான ஆபீசருக்குத் தெரியும்?" என்று நீலாவதி அப்போதே கேட்டாள்.

"போடி இவளே! பொண்ணு பாக்க வர்றவங்க முன்னால கிழிஞ்ச பாவாடையோடயா நிப்பே? பெரிய தொரை வர்றாருன்னா லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமா இல்லையா? காட்டாறு கழுவுற மாதிரி சாக்கடையைக் கழுவுறோமா இல்லையா? நல்லா வச்சிக்கிற ஜனம்னு தெரிஞ்சாத்தான் கவர்மெண்டு கைநீட்டிக் கொடுக்கும்லா!"

சரிதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். தோட்டத்தில் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழக்கம். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் துடைத்து, பூசி, மெழுகி நிற்க வேண்டும்.

மளமளவென்று வேலை நடந்தது. உடைந்த பலகைகளைப் பிடுங்கிவிட்டு, ரப்பர் உலர்த்தும் பழைய புகைவீட்டின் பலகைகளைப் போட்டு ஆணி அடித்தார்கள். தூணில் விழுந்திருந்த பொந்துகளுக்குச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். தங்கராஜு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றிலேயே இறங்கிவிட்டான்.

"ஏன் மாப்ள உனக்கு இம்புட்டுக் கஷ்டம்? பெயிண்டு காசையாவது வாங்கிக்கய்யா" என்றார் சன்னாசி.

"என்னா மச்சான் பேசுறீங்க! பொண்ணு வேலைக்குப் போறதுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா?"

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் வேலை இருக்கிறதென்று தங்கராஜு அன்று ராத்திரியே லிங்கிக்குத் திரும்பிவிட்டான். மறுநாள் பாலத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். தெமியாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார் ஆபீசர் இராஜமாணிக்கம். நீலாவதியின் அம்மா தாயம்மா மைலோ கலக்கிக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டினார். பலகைமேல் குதித்துப் பார்த்தார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"பலே! நான் பார்த்த பாலத்துலயே இதுதான் நல்ல பாலம்."

கூட்டம் கைதட்டியது. சன்னாசி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப புதுப் பாலம் எங்களுக்குத்தானே சார்?" என்று சன்னாசி கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு? உள்ளதுலயே மோசமான பாலத்துக்குத்தான் முதல்ல. உங்க பாலம் இன்னும் அஞ்சாறு வருஷம் தாங்கும்."

கைதட்டல் அப்படியே நின்றது.

"பஸ்ஸு தாங்குமா சார்?" நீலாவதிதான் கேட்டாள்.

"பஸ்ஸு தாங்காது. நீங்க நடக்கலாம், சைக்கிள்ல போகலாம்."

"சார், முந்தாநேத்து வரைக்கும் இந்த இடத்துல ஓட்டை சார்! ஆட்டுக்குட்டியே விழுந்துச்சு!"

"முந்தாநேத்து ஓட்டைக்கு நான் எப்படித் தங்கச்சி மார்க் போடுறது? கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்."

சன்னாசி ஓர் எட்டு முன்னால் வந்தார். "அப்ப... யாருக்குத்தான் சார் கிடைக்கும்?"

"லிங்கி பக்கத்துத் தோட்டத்துக்கு. அந்தப் பாலம் படுமோசம். ஒருத்தரும் ஓர் ஆணியைக்கூடத் தொடல. வெள்ளிக்கிழமை பெரிய எஞ்சினியர் நேர்ல வந்து பார்ப்பாரு. அவரும் மோசம்னு சொல்லிட்டா முடிஞ்சது."

இராஜமாணிக்கம் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகச் சிரித்தார்.

"அந்தத் தோட்டத்துல ஒரு கெட்டிக்காரரு இருக்காரு. போன வாரமே ஆபீசுக்கு வந்து, எந்த மாதிரிப் பாலத்துக்கு முதல்ல கொடுப்பீங்கன்னு விவரமா விசாரிச்சிட்டுப் போனாரு. அவரு பொண்ணுக்குச் செனாவாங் பேக்டரியில வேலையாம். பேருகூட... ஆங், தங்கராஜு."

மோட்டார் சைக்கிள் போன பிறகும் சன்னாசி தோரணத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நீலாவதி குனிந்து பெயிண்டு டின்னைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"அப்பா, சைக்கிளை எடுங்க. பாதி டின்னு மிச்சம் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள மாமா ஊட்டுப் பாலத்துக்கும் அடிச்சுக் கொடுத்துட்டு வந்துடலாம்!"